ஒரம்பரைக்கு அறை தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு ஈரோடு மாவட்டத்தில், கோபிச்செட்டிபாளையத்துக்கும் கவுந்தப்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. விருந்தாளியை எங்கள் பக்கம் ஒரம்பரை என்போம். மார்கழியில் பாரியூர் குண்டம் (தீமிதி), பங்குனியில் பண்ணாரி குண்டம், ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா), நடுவில் இரண்டு மூன்று கல்யாணம், ஏதாவது ஒரு பிரசவம் என்று வருடம் முழுக்க யாராவது வந்து தங்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கென்று வீட்டின் வடக்குப் பக்கத்தில் ஒரு அறை வைத்திருக்கிறோம். அதை எப்படித் தயார் செய்கிறேன் என்று சொந்தக்காரப் பெண்களும், புதிதாகக் குடித்தனம் போன பிள்ளைகளும் அடிக்கடி கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை.

அறை எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் என்ன தயார் செய்ய வேண்டும்?

சுத்தம் வேறு, தயார் வேறு. ஆறேழு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரரின் பெரியத்தை நோம்பிக்கு வந்து இரண்டு இரவு தங்கினார். கூட்டித் துடைத்து, புது விரிப்புப் போட்டு, ஊதுவத்தியும் ஏற்றி வைத்திருந்தேன். காலையில் கேட்டதற்கு, "நல்லாத் தூங்குனேன் கண்ணு" என்றார். மூன்று மாதம் கழித்து அவர் மகள் பேச்சுவாக்கில் சொன்னாள். பாத்ரூம் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அவருக்கு இருட்டில் தெரியவில்லை. எங்களை எழுப்பவும் மனம் வரவில்லை. அதனால் இரண்டாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். எழுபது வயதுக்காரர், பங்குனி வெயிலில், என் வீட்டில்.

நம் பக்கத்து ஆட்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "ஒண்ணும் வேண்டாமுங்க, இருக்கட்டுமுங்க" என்பதோடு முடிந்துவிடும். அதனால் அவர்கள் கேட்காததை அறை முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

அதைக் கேள்விப்பட்ட அன்று இரவே தலையணையை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் படுத்தேன். சுவிட்ச், பீரோவுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. தெருவிளக்கு நேராக முகத்தில் அடித்தது. ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்றது. கழற்றிய புடவையைப் போட ஒரு கொடியோ கொக்கியோ இல்லை. பத்து வருடமாகத் தினமும் கூட்டும் அறையில் இத்தனையும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அப்போதிருந்து யார் வருவதானாலும் முந்தின இரவோ அதற்கு முந்தின இரவோ வீட்டில் ஒருவர் அங்கே படுத்துப் பார்த்துவிடுவோம். இந்த ஒன்றைச் செய்தால் கீழே சொல்லியிருப்பதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எத்தனை நாளுக்கு முன் ஆரம்பிக்க வேண்டும்?

சுவருக்கு வர்ணம் அடிப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்தே போட்டு வைக்க வேண்டும். நோம்பிக்கு இரண்டு நாள் முன்பு பெயிண்ட் அடிக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வாடையில் படுப்பவருக்குத் தலைவலி வரும். வீசிங் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். வெள்ளையடிப்பு மட்டும் என்றால் ஒரு வாரம் போதும்.

வர்ணம் இல்லையென்றால் மூன்று நாள் தாராளம். ஒரு நாள் ஒட்டடை, ஃபேன், ஜன்னல். அடுத்த நாள் மெத்தையும் துணியும். மூன்றாம் நாள் பாத்ரூம். ஃபேன் இறக்கை துடைக்கும்போது பழைய தலையணை உறையை இறக்கைக்குள் மாட்டி இழுத்தால் தூசி முழுக்க உறைக்குள் வந்துவிடும், கட்டிலில் கொட்டாது.

எங்கள் அறை வருடத்தில் பாதி நாள் மூட்டை அடுக்கும் அறை. வாடையும் பூச்சியும் போகவே மாட்டேன் என்கிறது.

எங்கள் அறையும் அப்படி இருந்ததுதான். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது, ஆனால் அதே மஞ்சள் மூட்டையை விலை ஏறட்டும் என்று மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்தச் சின்னப் பழுப்பு வண்டைத் தெரியும். மூட்டை போன பிறகும் அது சுவர் விரிசலிலும், கதவு நிலைக்குப் பின்னாலும், பரணில் சிந்திய தூளிலும் குடியிருக்கும். மேலாகக் கூட்டினால் போகாது. பரண் முழுவதையும் இறக்கி, விரிசலைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டி, சிந்தியதையெல்லாம் வீட்டுக்கு வெளியே தூரமாகக் கொட்ட வேண்டும். பிறகு விரிசலைச் சிமெண்டோ வெள்ளை சிமெண்டோ வைத்து அடைத்துவிடுங்கள். பூச்சிமருந்து அடித்துவிட்டு அன்றே ஆளைப் படுக்க வைக்காதீர்கள்.

வாடைக்கு மருந்து காற்றும் வெயிலும்தான். இரண்டு மூன்று நாள் பகல் முழுக்கத் திறந்து போட்டுக் கீழே ஃபேனைச் சுற்ற விடுங்கள். வாடையை மறைக்க ஸ்ப்ரே அடித்தால் இரண்டு வாடையும் சேர்ந்து நிற்கும்.

மெத்தை, விரிப்பு, போர்வை: எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது?

இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள். நல்ல படுக்கைத் துணிக்குக் கொங்கு நாட்டுக்காரர் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. சென்னிமலைக் கைத்தறிப் பெட்ஷீட், கரூர் விரிப்பும் துண்டும், பவானி ஜமுக்காளம் எல்லாமே நம் பக்கத்திலேயே கிடைக்கும். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை கூடும் ஜவுளிச் சந்தையில் மொத்தமாக வாங்கினால் விலையும் குறைவு.

விரிப்பு பருத்தியாக மட்டும் இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தது சுருங்காமல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டும். ஒரு ஆளுக்கு இரண்டு விரிப்பு, இரண்டு தலையணை உறை, ஒரு மெல்லிய போர்வை, மார்கழியில் கூட ஒரு கனமான போர்வை. புதுத் துணியைக் கடையிலிருந்து வந்தபடியே விரிக்காதீர்கள். கஞ்சியும் சாயமும் போக ஒரு தடவையாவது அலச வேண்டும்.

நம் போர்வெல் தண்ணீர் பல ஊரில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, காய்ந்த துணி அட்டை மாதிரி நிற்கும். ஒரம்பரை விரிப்பை மட்டுமாவது கடைசி அலசலுக்கு ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்த தண்ணீரில் போடுங்கள். உடம்பு அந்த வித்தியாசத்தை உணரும்.

இலவம்பஞ்சு மெத்தையைக் காலை பத்து மணிக்கு வெயிலில் போட்டு, நடுவில் ஒருமுறை புரட்டி, மூன்று மணிக்கு எடுத்து நிழலில் ஆற விட்டு உள்ளே கொண்டு வாருங்கள். சூட்டோடு கட்டிலில் போட்டால் ராத்திரி வரை கொதிக்கும். பஞ்சு கட்டி கட்டியாகிவிட்டால் வெயிலால் பயனில்லை, பிரித்து அடித்துத் தைக்கக் கொடுக்க வேண்டும். தும்மல், மூக்கடைப்பு உள்ளவர் வருகிறார் என்றால் விரிப்பையும் உறையையும் 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில்தான் சாகும்.

பெட்டியில் பாச்சா உருண்டையோடு (நாப்தலின் உருண்டை) வருடம் முழுக்கக் கிடந்த கம்பளியை அன்றே எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு நாளாவது வெளியில் காற்றாட விட்டு, துவைத்த பிறகே கொடுக்க வேண்டும். பச்சைக் குழந்தை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

பாத்ரூமில் எதைக் கவனிக்க வேண்டும்?

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். அறை கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பாத்ரூம் சரியில்லையென்றால் மறுநாளே ஏதாவது காரணம் சொல்லிக் கிளம்பிவிடுவார்கள்.

நாள்கணக்கில் புழங்காத பாத்ரூமில் சாக்கடை வாடை வரும். எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் போகாது. தரையில் தண்ணீர் போகும் குழிக்குக் கீழே குழாய் வளைந்து, எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர்தான் வாடையையும் கரப்பானையும் மேலே வராமல் தடுக்கிறது. புழங்காவிட்டால் அது வற்றிவிடும். வாரம் ஒருமுறை இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். இது தெரியாமல் எத்தனையோ வருடம் பினாயிலுக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

ஆசிட் ஊற்றித் தேய்க்கிற அன்று பிளீச்சிங் பவுடரைத் தொடவே தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பவருக்கு உயிருக்கே ஆபத்து.

கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்தால், ஜன்னல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மார்கழிக் குளிருக்கு ஜன்னலில் அட்டை வைத்து அடைப்பது வழக்கம். கீசர் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவர் அப்படியே மயங்கி விழுந்துவிடுவார். முடிந்தால் கீசரை வெளிச்சுவரில் மாட்டுங்கள். அதுவரை ஒரம்பரைக்கு அண்டாவில் வெந்நீர் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வெந்நீர் அடுப்புத் தண்ணீரில் குளிக்க யாருக்குத்தான் பிடிக்காது.

எந்தக் குழாயில் வெந்நீர், எதைத் திருப்பினால் ஷவர் என்று வந்தவுடனே காட்டிவிடுங்கள். சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு இரவு முழுக்க எரியட்டும். பெரியத்தைக்காக மாட்டிய அந்தப் பல்பு இன்றும் எங்கள் வீட்டில் எரிகிறது.

வெயில் காலத்தில் மேல்மாடி அறை அடுப்பு மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து ராத்திரியில் கீழே இறக்கும். அதனால்தான் எட்டு மணிக்கு வெளியே காற்று வீசினாலும் உள்ளே பதினொரு மணி வரை வெக்கை அடங்குவதில்லை. பங்குனிக்கு முன்பே மொட்டை மாடியில் சுண்ணாம்பு வெள்ளை அடித்துவிட்டால் சூடு நன்றாகக் குறையும். ஏர் கூலர் வைப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஈரோடு, கரூர்ப் பக்கத்து வறண்ட வெயிலுக்கு அது நன்றாக வேலை செய்யும். மூடிய அறையில் வைத்தால் ஈரம் தங்கிப் புழுக்கம்தான் கூடும். இதெல்லாம் முடியாவிட்டால் உங்கள் கீழ் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் மேலே போங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்றில் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் மண்ணும் சேர்ந்து வரும். மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, கிழக்கு ஜன்னலை முழுக்கத் திறந்து வையுங்கள். ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் கொக்கி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கொசுவுக்கு?

வலை. கொசுவத்தி, லிக்விட் எல்லாம் அதற்குப் பிறகுதான். வலை கட்ட நாலு மூலையிலும் ஆணி அடித்துத் தயாராக வைத்திருங்கள், ராத்திரி பத்து மணிக்குச் சுத்தியலைத் தேட வேண்டாம். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஒரம்பரை அறையில் நிரப்பி வைத்த பக்கெட், பூந்தொட்டித் தட்டு, கூலர் தொட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தால் பாதித் தொல்லை போய்விடும்.

அறைக்குள் என்னென்ன பொருள் இருக்க வேண்டும்?

மூடியோடு ஒரு சொம்பு தண்ணீர், டம்ளர். படுத்தபடியே கை எட்டும் தூரத்தில் சார்ஜர் பாயிண்ட். கண்ணாடி, சீப்பு. துணி போடக் கொடியும் நாலு கொக்கியும். பெட்டியை வைக்க ஒரு பெஞ்சு, குனிந்து தரையில் பிரிக்க வயதானவர்களால் முடியாது. ஆளுக்கு ஒரு துண்டு. உள்ளிருந்து போடத் தாழ்ப்பாள். இது எல்லாவற்றையும்விட முக்கியம், பெண்களுக்கு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. பீரோவில் ஒரு தட்டாவது காலியாக இருக்கட்டும். நம் துணி அடைத்துக் கிடக்கும் பீரோவைப் பார்த்தால் இரண்டு நாள் தங்க வந்தவர்கூடப் பையைத் திறக்காமலே இருப்பார்.

மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் போடுவார்கள். அந்த நாளில் ஆள் இருந்தால் எமர்ஜென்சி லைட்டும் இரண்டு விசிறியும் வையுங்கள்.

திருப்பூரில் ஒற்றை அறை வாடகை வீடு. தனி அறைக்கு எங்கே போவது?

தனி அறை வேண்டியதில்லை. ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாலே போதும். கொடி கட்டிப் பழைய பருத்திப் புடவையைத் திரையாகத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் இருக்கும் பிளக் பாயிண்டையும் ஒரு அலமாரித் தட்டையும் அவர்களுக்கென்று விட்டுவிடுங்கள். பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வருபவர் வீட்டில் இருந்தால் அதை முதல்நாளே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பகலில் அவர் தூங்குவதைப் பார்த்துத் தாங்கள் வந்தது இடைஞ்சலோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

கல்யாணத்துக்கு இருபது பேர் வருகிறார்கள். எப்படிப் படுக்க வைப்பது?

ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், பவானி ஜமுக்காளம். அதற்காகவே பிறந்தது போன்ற பொருள் அது. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. முரட்டு நூலில் கைத்தறியில் நெய்த அசல் ஜமுக்காளம் தரையின் சில்லிப்பை மேலே விடாது. ஆனால் நேரடியாகப் படுத்தால் முதுகு உறுத்தும், மேலே ஒரு விரிப்புப் போடுங்கள். அடிக்கடி துவைக்க வேண்டாம், உதறி வெயிலில் போட்டால் போதும். முதல் தடவை நனைக்கும்போது சாயம் இறங்கும், தனியாக நனையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களைத் தரையில் உட்கார வைக்காதீர்கள். கட்டில் நாலுதான் இருக்கிறதென்றால் அது அவர்களுக்கே. சம்பந்தி வீட்டார் என்பதற்காக இளவட்டங்களைக் கட்டிலிலும், நம் வீட்டு அம்மாயியை (அம்மாவின் அம்மாவை) தரையிலும் படுக்க வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அறை எப்படி இருக்க வேண்டும்?

பாத்ரூமுக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறாமல் போகக்கூடிய அறை. குளிர் அடிக்கும் என்று ஜன்னலையெல்லாம் சாத்தி, பகலிலும் இருட்டாக வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். குழந்தை மேல் நேராகக் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அறை 25 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும்.

பாச்சா உருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்த துணி எதுவும் குழந்தையைத் தொடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், பார்த்தால் தெரியாது. அந்த நெடி பட்டால் ரத்த அணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வந்துவிடக் கூடும். பீரோவைப் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே காலி செய்து துடைத்துவிடுங்கள். சாம்பிராணிப் புகையையும் குழந்தைக்குக் காட்டாதீர்கள், பிஞ்சு நுரையீரல் தாங்காது. தூளி கட்டும் கொக்கியை ஆள் தொங்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள், ஃபேனுக்கு நேர் கீழே கட்டாதீர்கள். ராத்திரித் தூக்கத்துக்குக் கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே நல்லது. சுற்றித் தலையணை அடுக்க வேண்டாம்.

அப்புறம், பார்க்க வருபவர்கள். இருமல், சளி உள்ளவர்களை ஆசாரத்திலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மகளால் சொல்ல முடியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வருகிறோம்.

ஐம்பது வருடமாகக் கயித்துக் கட்டிலில் படுத்தவர் அதைத்தான் கேட்பார். கொடுக்காதீர்கள். தாழ்வாகவும் குழிவாகவும் இருப்பதில் உட்கார்ந்து எழும்போது இடுப்பு அளவுக்கு மேல் மடங்கும், மாற்றிய மூட்டு நழுவிவிடக் கூடும். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிகிற, முழங்காலுக்குச் சற்று மேலே இடுப்பு நிற்கிற உயரத்தில் கெட்டியான படுக்கை வேண்டும். உயரம் போதாவிட்டால் கட்டில் காலுக்கு மரக்கட்டை வைக்க ஆசாரியிடம் சொல்லுங்கள். மேற்கத்திய டாய்லெட் கட்டாயம், அதுவும் தாழ்வாக இருந்தால் மேலே வைக்கும் உயர இருக்கை மருந்துக் கடையில் கிடைக்கும். பிடித்து எழக் கம்பி. மிதியடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாக்கர் திரும்ப இடம் விட்டுக் கட்டிலைப் போடுங்கள். தலைமாட்டில் ஒரு பூஜை மணி, ராத்திரியில் கூப்பிட.

கயித்துக் கட்டிலைப் பரணில் ஏற்றாமல் அவர் கண்ணில் படும்படி வாசல் திண்ணையில் போட்டு வையுங்கள். திரும்ப அதில் படுக்கலாமா, எப்போது என்பதை டாக்டரிடம் அவரையே கேட்க வையுங்கள்.

அவர்கள் கிளம்பிய பிறகு?

ஊருக்குப் போனவர் வீடு சேர்ந்து போன் செய்யும் வரை அறையைக் கூட்டக் கூடாது என்று என் மாமியார் சொல்வார். நானும் கூட்டுவதில்லை. அந்த நேரத்தில் சும்மா அறைக்குள் நின்று பார்ப்பேன். எதை எங்கே நகர்த்தியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே அவர்கள் வாயால் சொல்லாதது தெரிந்துவிடும். ஸ்டூல் கட்டில் பக்கம் வந்திருந்தால் மாத்திரை வைக்க இடமில்லை என்று அர்த்தம். தலையணைக்கு மேல் துண்டை மடித்துப் போட்டிருந்தால் உயரம் போதவில்லை. போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தால் கனம் பிடிக்கவில்லை.

போன ஆடியில் என் சின்னம்மா மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார். ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் போன பிறகு பார்த்தேன், மேற்கு ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துச் செருகியிருந்தார். காற்றுக்குக் கதவு ஆடிய சத்தத்தை நிறுத்த. அன்று சாயங்காலமே ஆசாரி வந்து கொக்கி மாற்றிவிட்டார்.